மேற்படி

காட்பாடி போகும் பாலத்தின் ஏழாவது தூணில்
சென்சார் ஒன்று கட்டியிருக்கிறோம்.
கால் மணிக்கு ஒருமுறை ஆற்றைக் கேட்கும்: எவ்வளவு?
மணல் சொல்லும்: பூஜ்யம்.
சிம் கார்டில் காசு கரைய
சத்துவாச்சாரியில் என் மேஜைக்கு வந்து சேரும்
நாளுக்குத் தொண்ணூற்றாறு இல்லைகள்.

சுருக்கு என்றார்கள்.
சுருக்குவதற்கு இதைவிட வாகான ஆறு
வேறெங்கே கிடைக்கும்?
ஊர்க்காரர்கள் எப்போதோ சுருக்கியாயிற்று:
சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு.
ஜோதிலிங்கம்கூடச் சுருக்கித்தான் வைத்திருந்தான்,
அளவுகோல் பார்க்கும் தினக்கூலி, என் வயது.
பதிவேட்டில் முதல் வரி: நீர் இல்லை.
அடுத்த வரி: மேற்படி.
அதற்குக் கீழே ஒற்றைக் கோடு
பக்கத்தின் அடிவரை.

அந்தக் கோட்டைத்தான் சி மொழியில் எழுதினேன்.
மதிப்பு ஒன்று, எத்தனை முறை என்பது ஒன்று.
முந்தியதும் இதுவும் ஒன்றானால் எண்ணியைக் கூட்டு,
மாறினால் எழுதிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து.
பதினெட்டு வரி.
கரண்ட் போன மத்தியானத்தில்
பேட்டரி தீர்வதற்குள் முடித்தேன்.

எண்ணிக்கு ஒரு பைட் போதும் என்று நினைத்தது யார்?
நான்தான்.
இருநூற்று ஐம்பத்தைந்துக்கு மேல்
ஒரு பைட்டுக்கு எண்ணத் தெரியாது,
பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும்
எதுவும் நடக்காத மாதிரி.
இருநூற்றுப் பத்து நாள் காய்ந்து கிடந்த ஆறு
விரித்துப் பார்த்தால்
இரண்டே நாள் காய்ந்திருந்தது.
அறிக்கை பச்சை நிறத்தில்
கையெழுத்துக்கு மேலே போய்விட்டது.
ஜோதிலிங்கம் கூப்பிட்டான்:
"இன்னா மேடம், ரெண்டு நாளா?
ஏழு மாசமா மணல்லதான நிக்கிறேன்?"

இரண்டு பைட் கொடுத்தேன்.
அறுநூற்று எண்பத்திரண்டு நாள் தாங்கும்.
போதுமா?
நான்கென்று மாற்றிக் கணக்குப் போட்டேன்:
லட்சத்து இருபத்திரண்டாயிரம் வருஷம்.
அந்த வரியைச் சேமிக்கக் கை வரவில்லை.
ஓர் ஆற்றைப் பார்த்து
இத்தனை காலம் நீ வராவிட்டாலும்
என் நிரல் உடையாது என்று சொல்வதா?
அழித்து இரண்டாக்கினேன்.
காரணம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

ஐப்பசிக் கடைசியில்
குப்பம் பக்கம் பிடித்த மழை.
இரவு பதினொன்றரைக்கு வந்தது: நான்கு.
பிறகு ஒன்பது. பதினேழு. முப்பத்தொன்று.
ஓர் எண்ணும் முந்தியதைப் போல இல்லை.
ஒவ்வொன்றின் பக்கத்திலும்
ஒரு முறை, ஒரு முறை என்று
என் நிரல் விசுவாசமாக எழுத
சுருக்கிய கோப்பு மூலத்தைவிட
இரு மடங்கு வீங்கியது.
பஃபர் நிரம்பியது. சிரித்துவிட்டேன்.
சிரிக்கிற நேரமா அது,
கரையோரத் தெருக்களில் பாய் தலையணையோடு
பள்ளிக்கூடத்துக்கு நடந்துகொண்டிருந்தார்கள்.

சென்சார் பேச்சை நிறுத்தியது.
பாலத்தில் டார்ச்சோடு அவன்.
காற்று பாதிச் சொல்லைத் தின்ன மீதி வந்தது:
"ரெண்டு ஏத்தம். ரெண்டு. ஒண்ணு. அப்பிடியே கீது.
அப்பிடியே. மூணு ஏத்தம் மேடம்,
ஏறிக்கினே கீது."

முழு அளவை ஒருமுறைதான் சொன்னான்.
பிறகெல்லாம் வித்தியாசம்.
தோளில் போனை இடுக்கிக்கொண்டு
அதையே எழுதினேன்:
வித்தியாசத்தை மட்டும் வை,
அடிக்கடி வருவதற்குக் குட்டிக் குறியீடு,
அபூர்வத்துக்கு நீளமானது.
அப்பிடியேவுக்கு ஒற்றை பிட்.
மூணு ஏத்தத்துக்கு ஏழு.

விடியும்போது விரித்து ஒப்பிட்டேன்.
ஓர் எண்ணும் பிசகவில்லை.
அந்த இரவுக்கு ஜோதிலிங்கத்துக்குக் கூலி உண்டா என்றேன்.
படிவத்தில் நாள்தான் இருக்கிறது,
ராத்திரிக்குக் கட்டம் இல்லை என்றார்கள்.

மாசி.
பதிவேட்டைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறான்.
கார்த்திகைப் பக்கங்களில் மை ஊறி
எண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன.
கடைசிப் பக்கம் தெளிவாக இருக்கிறது.
நீர் இல்லை.
மேற்படி.
கோடு இன்னும் போடவில்லை.